உட்கார மறுத்த வழிகாட்டி

புலி காட்டுகிறேன் என்று ஆசை காட்டித்தான் அண்ணி அவளைக் காட்டுக்கு அழைத்து வந்தாள். வந்ததிலிருந்து வாயாடி பார்த்தது நிறைய மான், கொஞ்சம் முயல், மற்ற நேரமெல்லாம் குனிந்து தரையைத் துழாவிக்கொண்டிருந்த அண்ணியின் முதுகு.

வாயாடி என்பது வீட்டார் கூடி வைத்த பட்டம். அவளுக்கே அதில் பெருமை உண்டு. அண்ணன் கல்யாணம் முடிந்த புதிதில், நாத்தனார் என்றால் கொஞ்சமாவது கொடுமை செய்ய வேண்டாமா என்று அண்ணியின் சீப்பை ஒளித்து வைத்தாள், செருப்பை ஒளித்து வைத்தாள். அண்ணி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒளித்த இடத்திலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துவந்து, காபி கொடுக்கும்போது டம்ளருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். இவளோடு மோதுவதைவிடக் கூட்டு சேர்வது லாபம் என்று வாயாடி அப்போதே முடிவு கட்டினாள். காப்பீட்டு நிறுவனத்தில் பொய் விபத்துகளைக் கண்டுபிடித்துக்கொண்டிருந்த அண்ணி, அந்த வேலையை விட்டுத் தனியாகத் துப்பறியும் அலுவலகம் திறந்தபோது, யாரும் கூப்பிடாமலே போய் இரண்டாவது நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள்.

இந்தக் காட்டுக்கு அவர்களை வரவழைத்தவர் ரேஞ்சர். நரைத்த மீசைக்காரர். பேசுவதற்கு முன்னால் பெருமூச்சு விடுவது அவர் வழக்கம். அன்று காலை அவர் விட்ட மூச்சில் மேஜைமேல் இருந்த காகிதம் பறந்தது.

விஷயம் இதுதான். சுற்றுலா வருகிறவர்கள் எல்லோரும் பார்க்க ஆசைப்படும் பெண்புலி ஒன்று இங்கே உண்டு. 'மகாராணி' என்று பெயர். மழை நின்றதிலிருந்து அது யார் கண்ணிலும் படவில்லை. அந்த நேரம் பார்த்து, நீர்க்குட்டை ஓரத்தில் மரத்தில் கட்டியிருந்த தானியங்கி கேமராவும் காணாமல் போனது. முன்னால் எது அசைந்தாலும் தானே படம் எடுக்கிற கருவி அது. தலைமை அலுவலகம் இரண்டுக்கும் முடிச்சுப் போட்டுவிட்டது. வேட்டைக்காரர்கள் புலியைக் கொன்றுவிட்டார்கள், சாட்சிக்கு இருந்த கேமராவையும் தூக்கிவிட்டார்கள், காட்டோரத்தில் தேன் எடுத்துப் பிழைப்பவர்களின் குடிசைகளைச் சாயங்காலத்துக்குள் சோதனை போட்டு ஆட்களைப் பிடி என்று உத்தரவு.

"அவங்க மேல எனக்குத் துளியும் சந்தேகம் இல்லம்மா," என்றார் ரேஞ்சர். "ஆனா என் நம்பிக்கையைப் பதிலா எழுதி அனுப்ப முடியாது."

அண்ணி தலையாட்டிவிட்டு, கேமரா இருந்த இடத்தைப் பார்க்கலாம் என்றாள்.

நீர்க்குட்டைக்கு ரேஞ்சரே வண்டி ஓட்டி அழைத்துப் போனார். கரையில் ஒரு மொட்டை மரம். அதில்தான் கேமராவைக் கட்டியிருந்தார்கள். அதற்கு நேர் எதிரே இன்னொரு மரம் கிளை பரப்பி நின்றது. அதன் அடிமரம் முழுக்கக் கூம்பு கூம்பாக முள். அண்ணி மொட்டை மரத்தைச் சுற்றி வந்தாள். கேமராவைப் பிணைத்திருந்த பட்டை அறுபடவில்லை. யாரோ அதைக் கழற்றி, இறுக்கமாகச் சுருட்டி, கொக்கியை உள்ளே செருகி, கிளை இடுக்கில் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

"வேட்டைக்காரன்னா ஒரே வெட்டா வெட்டியிருப்பான். இல்லேன்னா கல்லால அடிச்சு நொறுக்கியிருப்பான்," என்றாள் அண்ணி. "இவன் பட்டையைச் சுருட்டி வெச்சிருக்கான்."

"எங்க அண்ணனைவிட ஒழுங்கான திருடன்தான்," என்றாள் வாயாடி. "அவரு ஈரத் துண்டைக்கூட மடிச்சதில்ல."

அண்ணி சிரிக்காமல் எதிர் மரத்துக்குப் போனாள். நிமிர்ந்து நின்று கையை நீட்டினாலும் எட்டாத உயரத்தில், ஒரு முள் நுனியில் ஏதோ ஆடிக்கொண்டிருந்தது. வண்டியை நெருக்கிக் கொண்டுவரச் சொல்லி, அதன்மேல் ஏறி எடுத்தாள். காக்கி நூல். கூடவே விரல் நகம் அளவுக்கு ஒரு துணிக் கிழிசல்.

குரங்கு காக்கி உடுத்தாது என்று வாயாடி தன் கருத்தைப் பதிவு செய்தாள். ரேஞ்சர் இன்னொரு பெருமூச்சு விட்டார். இங்கே வேலை பார்க்கிற அத்தனை பேருக்கும் காக்கிதான் சீருடை, அவர் உட்பட.

"உங்க ஆளுங்கள்ல ஒருத்தர்தான்," என்றாள் அண்ணி. "கேமராவுல இருக்கறது வெளிய வரக் கூடாதுன்னு பயம். ஆனா அரசாங்கப் பொருளை உடைக்கவும் மனசு வரல. பயமும் மரியாதையும் ஒரே ஆள்கிட்ட இருக்கு. அவரைத் தேடுவோம்."

தேடுவதற்கு அண்ணி கண்ட வழி, சுற்றுலாப் பயணிகளோடு சேர்ந்து சஃபாரி போவது. வாயாடிக்குக் கசக்குமா?

அவர்களுக்குக் கிடைத்த ஜீப்பை ஓட்டியவள் ஒரு பெண். காக்கிச் சட்டையைக் கைமுட்டிக்கு மேல் மடித்துவிட்டு, சேறானாலும் பாறையானாலும் வீட்டு வாசலில் கோலமிடும் நிதானத்தோடு வண்டியைத் திருப்பினாள். வழிகாட்டி அவளுடைய அப்பா. ஊரே அவரைப் 'புலிமாமா' என்று கூப்பிட்டது. காட்டில் எத்தனை புலி உண்டோ அதைவிட அதிகமான புலிக்கதைகள் அவரிடம் உண்டு. மகாராணி ஒருமுறை கொட்டாவி விட்டபோது அதன் கடைவாயில் சொத்தைப் பல் இருப்பதைக் கண்டுபிடித்தாராம். இன்னொரு முறை அது வழிமறித்தபோது, இவர் முறைத்த முறைப்பில் அது மன்னிப்புக் கேட்காத குறையாக ஒதுங்கிப் போனதாம். அவருக்குப் பின்னால் இருந்த ஓய்வுபெற்ற தம்பதி வாய் பிளந்து கேட்டார்கள். மகள் கண்ணாடியில் அப்பாவைப் பார்த்து, சிரிப்பை உதட்டுக்குள் மடித்துக்கொண்டாள்.

வாயாடி மகளின் சட்டையைப் பார்த்தாள். இடது கையில் புதிதாகத் தைத்த கிழிசல். அண்ணியின் விலாவில் முழங்கையால் ஒரு இடி இடித்தாள். அண்ணி பார்த்துவிட்டேன் என்பதுபோல் கண்ணை மூடித் திறந்தாள். ஆனால் அவள் பார்வை போன இடம் வேறு.

புலிமாமா உட்காரவே இல்லை. அவருக்கென்று பஞ்சு வைத்த இருக்கை இருந்தது. அவரோ கம்பியைப் பிடித்துக்கொண்டு, மேடு பள்ளத்தில் எல்லாம் ஆடி ஆடி நின்றுகொண்டே வந்தார். தலையில் புத்தம் புதுத் தொப்பி. ஒரு சுற்றுப் பெரியது. வண்டி குலுங்கும்போதெல்லாம் அது கண் வரைக்கும் இறங்கியது. மறைக்கிறது, கொஞ்சம் உட்காருங்கள் என்று ஓய்வுபெற்றவர் கெஞ்சிப் பார்த்தார். காட்டுக்குள் உட்கார்ந்து வருவது புலிக்குச் செய்கிற அவமரியாதை என்றார் புலிமாமா. இத்தனை வருஷம் உட்கார்ந்துதானே வந்தீர்கள் என்று மகள் கேட்டதற்கு, அதற்கெல்லாம் சேர்த்துத்தான் இப்போது நிற்கிறேன் என்றார்.

புலி வரவில்லை. நீர்க்குட்டைப் பக்கம் போகலாமா என்று அண்ணி கேட்டாள். அங்கே ஒன்றும் இல்லை, வெறும் தவளைதான் என்று புலிமாமா அவசரமாகச் சொன்னார். காட்டின் ஒவ்வொரு புதருக்கும் ஒரு கதை வைத்திருந்த மனிதரிடம், அந்தக் குட்டைக்கு மட்டும் ஒரு கதை இல்லை.

திரும்பியதும் எல்லோரிடமிருந்தும் பைனாகுலர்களை வாங்கினார். ஒவ்வொன்றின் பட்டையையும் இறுக்கமாகச் சுருட்டி, கொக்கியை உள்ளே செருகி, வரிசையாக வைத்தார். அண்ணி அதை ரசித்துப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பட்டையை வாயாடியும் கவனித்தாள். உடனே அவள் மூளையில் விளக்கு எரிந்தது. மகள்மேல் இருந்த சந்தேகத்தை அந்த நிமிஷமே வாபஸ் வாங்கினாள். அப்பாதான் ஆள். இருக்கைக்கு அடியில் கேமராவை ஒளித்துவைத்திருக்கிறார். அழுத்தினால் உடைந்துவிடும் என்றுதான் உட்காரவில்லை. இதைவிடத் தெளிவாக ஒரு வழக்கு இருக்க முடியுமா?

ரேஞ்சரைக் கையோடு இழுத்துவந்தாள். ஜீப்பைக் கழுவ வாளியோடு வந்த மகளும், பதறிப்போன புலிமாமாவும் பார்த்திருக்க, அவருடைய இருக்கையை மந்திரவாதி துணி உருவுவதுபோல் தூக்கினாள்.

அடியில் ஒரு குடை, ஒரு அழுக்குத் துணி, பாதி பிதுக்கிய களிம்புக் குழாய்.

வாளித் தண்ணீர் தளும்பியது. எதைத் தேடுகிறீர்கள் என்று மகள் ரேஞ்சரிடம் கேட்டாள். அவருக்கே தெரியவில்லை. வாயாடி குடையை எடுத்து, மழை வருகிற மாதிரி இருந்தது என்று முணுமுணுத்தாள். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை.

அண்ணி அருகே வந்து களிம்பை எடுத்துப் படித்தாள். சிராய்ப்பு, முள் குத்து, தோல் எரிச்சல்.

"கிட்டத்தட்டக் கண்டுபிடிச்சிட்ட," என்றாள் வாயாடியின் காதருகே. "ஒரு ஜாண்தான் தப்பு. சீட்டுல ஒண்ணும் இல்ல. சீட்டுல உட்கார வேண்டிய இடத்துலதான் இருக்கு."

வாயாடிக்குப் புரிய ஒரு கணம் பிடித்தது. புரிந்ததும் குடையை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தாள்.

ரேஞ்சரின் அறைக்கு எல்லோரும் வந்தார்கள். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. வெளியே சோதனைக்குப் போக வேண்டிய ஆட்கள் வண்டியோடு காத்திருந்தார்கள். அண்ணி மர நாற்காலி ஒன்றை இழுத்து, புலிமாமாவுக்கு முன்னால் போட்டாள்.

"உட்காருங்க, பேசலாம்."

"பரவாயில்லம்மா. நின்னே பழகிட்டேன்."

"ஏன்ப்பா, உட்காருங்களேன்," என்றாள் மகள்.

மகள் சொல்லி அவரால் தட்ட முடியவில்லை. நாற்காலியின் இரு கைகளையும் பிடித்துக்கொண்டு, சூடான தோசைக்கல்லில் இறங்குகிறவர் மாதிரி மெல்ல இறங்கினார். தொட்டதும் தொடாததுமாக எழுந்துவிட்டார். தொப்பி மூக்குவரை வந்து நின்றது.

அண்ணி காக்கி நூலை மேஜைமேல் வைத்தாள். அதட்டிக் கேட்கவில்லை. முள்மரம் ஏறியவருக்கு நாற்காலி முள்ளாகத்தான் இருக்கும் என்று மட்டும் சொன்னாள். வெளியே நிற்கிற வண்டி எந்தக் குடிசைகளுக்குப் போகக் காத்திருக்கிறது என்பதையும் சொன்னாள்.

அதுவரை அவருக்கு அந்தச் சேதி தெரியாது. தேன் எடுப்பவர்களில் பாதிப்பேர் அவருக்கு மாமன் மச்சான் முறை. வெளியே ஓடினார். ஜீப் கொட்டகையில் சுருட்டி வைத்திருந்த தார்ப்பாயை உதறி, உள்ளேயிருந்து கேமராவை எடுத்துவந்து ரேஞ்சர் முன்னால் வைத்தார். பிறகு மகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சுவரைப் பார்த்துப் பேசினார்.

மகாராணி தென்படாமல் போனதிலிருந்து அவருக்குத் தூக்கம் இல்லை. இருக்கிறதா, செத்ததா என்று காலடித் தடமாவது பார்த்துவிடலாம் என்று, விடிந்ததும் விடியாததுமாகத் தனியாக நடந்தே காட்டுக்குள் போனார். அது விதிப்படி பெரிய குற்றம். குட்டையருகே குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது புதருக்குள் உறுமல் கேட்டது. காட்டுப் பன்றியாகத்தான் இருக்கும் என்று அறிவு சொன்னது. கால் கேட்கவில்லை. பக்கத்தில் இருந்த மரத்தில் எப்படி ஏறினார், எத்தனை முள் குத்தியது, ஒன்றும் தெரியாது. கிளையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். காடு அடங்கிய பிறகுதான் திறந்தார். திறந்ததும் எதிரே தெரிந்தது கேமரா.

"வேலை போயிடுமேன்னு பயந்தீங்களா?" என்று ரேஞ்சர் கேட்டார்.

"வேலை போனா வேற வேலை பாத்துக்கலாம் சார்." திரும்பாமலே மகள் பக்கம் கையைக் காட்டினார். "இவ சின்ன வயசுலேர்ந்து என் கதை கேட்டு வளர்ந்தவ. அப்பன் பன்னிக்குப் பயந்து மரத்துல தொங்குறதை இவ பாக்கணுமா? அதான் மறுநாள் போய்க் கழட்டிட்டேன்."

மகள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று வாயாடி கைக்குட்டையை நீட்டினாள். அவள் நிமிர்ந்தபோது கண்ணில் தண்ணீர் இருந்தது. ஆனால் சிரிப்புத் தண்ணீர்.

"அப்பா, உங்க கதையில ஒண்ணைக்கூட நான் நம்பினதே இல்ல," என்றாள். "சொத்தைப் பல் கதைக்கு நான் எல்.கே.ஜி.யிலயே சிரிச்சிட்டேன். நீங்க சொல்ற அழகுக்காகத்தான் கேட்டுக்கிட்டிருந்தேன்."

புலிமாமா திரும்பினார். அடி வாங்கியவர் மாதிரியும் இருந்தது, சுமை இறக்கியவர் மாதிரியும் இருந்தது.

"நீங்க எப்படிக் கழட்டினீங்க?" என்று மகள் கேட்டாள். "மறுநாளும் நடந்தேவா போனீங்க? அதே இடத்துக்குத் தனியாவா?"

அவர் தலையாட்டினார்.

"புதருக்குள்ள என்ன இருந்துச்சுன்னு தெரியாமலேயா?"

அதற்கும் தலையாட்டினார். பயந்தாங்கொள்ளி திரும்பிப் போக மாட்டான் என்று வாயாடி சொல்ல வாயெடுத்தாள். மகள் முகத்தைப் பார்த்ததும் சொல்லத் தேவையில்லை என்று விட்டுவிட்டாள். வாழ்க்கையில் அவள் விழுங்கிய வார்த்தைகள் மிகக் குறைவு.

கேமராவுக்குப் பூட்டு உண்டு. சாவி ரேஞ்சரிடம்தான் இருந்தது. அதனால் புலிமாமா உள்ளே இருந்ததைப் பார்த்ததில்லை. ரேஞ்சர் திறந்து, படங்களைக் கணினியில் ஏற்றினார். மான், மான், கொக்கு, மறுபடி மான். பிறகு காக்கி உடை ஒன்று திரையின் குறுக்கே ஓடியது. அடுத்த படத்தில் அது மரத்தில் பாதி உயரத்தில் இருந்தது. அந்த வேகத்தில் மரமேறும் ஒருவருக்குப் பதக்கமே கொடுக்கலாம் என்றாள் வாயாடி. புலிமாமா சுவர்ப் பக்கம் நகர்ந்தார்.

ரேஞ்சர் அடுத்ததைத் தட்டினார். தட்டிய விரல் அப்படியே நின்றது.

கிளையில் புலிமாமா. கன்னத்தைக் கிளையோடு ஒட்டி, முகம் முழுதும் சுருங்க, கண்ணை மூடியபடி. கீழே, அவர் பூட்ஸ் காலுக்கு நேர் அடியில், பொன்னும் கருப்புமாக மகாராணி. நின்று, தலையைத் தூக்கி, நிதானமாக அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதன் பின்னங்காலை ஒட்டி ஒரு குட்டி. சற்றுத் தள்ளி இன்னொன்று. அதன் வாயில் ஒரு காக்கித் தொப்பி.

வாயாடி கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தாள். இத்தனை தூரம் வந்து அவள் பார்த்த முதல் புலி அது. திரையில்தான் என்றாலும் கணக்கில் சேர்த்துக்கொண்டாள்.

"குட்டி போட்டிருக்கு," என்றார் ரேஞ்சர். "அதான் ஒளிஞ்சு திரிஞ்சிருக்கு." முதல் தடவையாகப் பெருமூச்சு விடாமல் தொலைபேசியை எடுத்தார். தலைமை அலுவலகத்துக்கு அவர் சொன்னது சுருக்கமாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் வெளியே காத்திருந்த வண்டி, ஆட்களை இறக்கிவிட்டுக் கொட்டகைக்குப் போனது.

புலிமாமா திரைக்கு அருகே வந்தார். மூக்கு முட்டும் அளவுக்குக் குனிந்து பார்த்தார். ஆயுள் முழுதும் பார்த்ததாகச் சொல்லிக்கொண்டிருந்த ஒன்று, அவர் காலடியில் வந்து நின்றிருக்கிறது. அப்போது அவர் கண்ணைத் திறக்கவில்லை. கையை நீட்டினார், திரையைத் தொடாமல் எடுத்துக்கொண்டார்.

விதி விதிதான். கொஞ்ச நாளைக்கு ஜீப் ஏறக் கூடாது, நுழைவாயிலில் நிற்க வேண்டும் என்று ரேஞ்சர் தண்டனை சொன்னார். நிற்கத்தானே அவருக்கு இப்போது வசதி என்று வாயாடி தீர்ப்பை ஆமோதித்தாள். படத்தைப் பெரிதாக்கி நுழைவாயிலில் மாட்டலாம் என்று பேச்சு வந்தது. மானம் போகாமல் இருக்க, மேல்பாதியை வெட்டிவிட்டுப் புலியை மட்டும் வைக்கலாம் என்று ரேஞ்சர் பெருந்தன்மையாகச் சொன்னார்.

புலிமாமா மகளைப் பார்த்தார்.

"வெட்டாதீங்க சார். நானும் இருக்கட்டும். மேல ஒருத்தன் அப்படித் தொங்கினாத்தான், கீழ நிக்கறவ எப்பேர்ப்பட்டவன்னு தெரியும்."

அண்ணியும் வாயாடியும் ஊருக்குக் கிளம்பிய காலையில் படம் மாட்டியாகிவிட்டது. அதற்கு முன்னால் கூட்டம். புலிமாமா பக்கத்தில் நின்றார். மரத்தில் இருப்பது யார் என்று கேட்டவர்களிடம் நான்தான் என்றார். சிரித்தவர்களோடு சேர்ந்து அவரும் சிரித்தார். முதல் ஜீப்பை வாசலுக்குக் கொண்டுவந்த மகள், என்ஜினை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

கூட்டத்தில் ஒரு பெண்மணி, அவ்வளவு பக்கத்தில் புலியைப் பார்த்தபோது எப்படி இருந்தது என்று கேட்டாள்.

வாயாடி பெட்டியைக் கீழே வைத்தாள். கதை எப்படிப் புறப்படப் போகிறது என்று பார்க்க அவளுக்கு ஆசை.

"நான் பாக்கலம்மா," என்றார் புலிமாமா. "அதுதான் என்னைப் பாத்துச்சு."